அருவியும் அஞ்சலும்

தமிழர் அகவாழ்வில் பிரிவுக்குத் தனியிடம் உண்டு. பொருள் தேடிப் பிரிதலை இலக்கண நூலார் ஒரு பிரிவாகவே வகுத்துப் பாலைத் திணையில் வைத்துப் பேசினர். கடல் கடந்து செல்லும் பயணத்தில் பெண்டிரை உடனழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்பதும் தொல்காப்பியம் தரும் செய்தியாகும். வகுப்பறையில் இப்பகுதியை நடத்தும்போது மாணவியர் அதனைத் தேர்வுக்குரிய பகுதியென அடிக்கோடிட்டுக் கொள்கின்றனர். நானோ ஆண்டுதோறும் அவ்விடத்தில் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். எனக்கு அது நூற்பா மட்டுமன்று. எங்கள் தெருவின் வரலாறும் ஆகும்.

மேலப்பாளையத்தில் நான் பிறந்து வளர்ந்த தெருவில் வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்திருந்தார். முந்திய தலைமுறையினர் கொழும்புக்குச் சென்றனர். அடுத்த தலைமுறையினர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். பிரிவைப் பாடிய புலவர்கள் தலைவியின் கண்ணீரைப் பாடினர். நெகிழ்ந்த வளையைப் பாடினர். நாளெண்ணிச் சுவரில் இட்ட கோடுகளைப் பாடினர். ஆயினும் பிரிந்தவர் திரும்பி வரும் வரை வீட்டிலிருப்போர் அழுது கொண்டே இருப்பதில்லை. குழந்தைகள் வளர்கின்றனர், பள்ளிக்கு விடுமுறை வருகிறது, சாரல் வீசுகிறது, மாமா வாடகைச் சிற்றுந்து பேசி வருகிறார், எல்லோரும் சிரித்துக் கொண்டே ஒரு பகல் வெளியே போய் வருகின்றனர். அந்தச் சிரிப்பைத் தொலைவில் இருப்பவருக்குச் சொல்வதா, மறைப்பதா? எங்கள் வீட்டில் பல்லாண்டு எழுந்து நின்ற வினா அதுவே. அதற்கு விடை கண்ட வரலாற்றை எழுத வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

வாப்பா 1986-ஆம் ஆண்டில் சவுதி அரேபியாவின் தம்மாம் நகருக்குச் சென்றார்கள். கட்டட நிறுவனம் ஒன்றின் பண்டகசாலையில் கணக்கெழுதும் வேலை. அப்போது எனக்கு வயது 6. தம்பிக்கு வயது 2. திரும்பி வந்தது 2001-இல். இடையே இரண்டாண்டுக்கு ஒரு முறை இரண்டு மாத விடுப்பு. நோன்பையும் பெருநாளையும் ஊரில் கழிக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். பிறைக் கணக்கின்படியான ஆண்டு கதிரவக் கணக்கைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவானது. எனவே, வாப்பா ஊருக்கு வந்த ஆண்டுகளில் பெருநாள் மே மாதத்திலிருந்து ஏப்ரலுக்கும், ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்கும், பின்னர் பிப்ரவரிக்கும் எனப் பின்னோக்கி நகர்ந்து கொண்டே சென்றது. குற்றாலச் சாரலோ ஜூன் முதல் ஆகஸ்டு வரை. இவ்விரண்டும் ஒருமுறைகூட ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இளமையில் நண்பர்களோடு பலமுறை குற்றாலம் சென்று வந்தவர்கள், தம் மக்களோடு அருவியில் நிற்க அந்த 15 ஆண்டுகளில் வாய்க்கவில்லை.

வாரவிடுமுறையும் எங்களுக்குள் ஒத்துப் போகவில்லை. எனக்குப் பள்ளி விடுமுறை ஞாயிறு. காலையில் ஓதச் செல்லும் மதரஸாவுக்கு விடுமுறை வெள்ளி. வாப்பாவுக்கும் வெள்ளி ஒருநாள்தான் ஓய்வு. அரசு அலுவலகங்களுக்கு அக்காலத்தில் அங்கு வியாழனும் வெள்ளியும் விடுமுறை என்றாலும் பண்டகசாலைக்கு அந்தச் சலுகை இல்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குப் பேருந்து ஏறும்போது அங்கே நேரம் நாலரை. வேலை நாளுக்காக வாப்பா எழுந்து கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் துணி துவைத்து, ஜும்ஆ தொழுது, உறங்கி எழுந்து கடிதம் எழுதும்போது நான் வகுப்பறையில் கணக்குப் போட்டுக் கொண்டிருப்பேன். ஒரே குடும்பத்தின் ஓய்வுநாள் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அந்த இரண்டு நாள்களையும் ஒன்றாகத் தைத்த நூல் கடிதமே.

உம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவர்கள். தமிழ் எழுத்துகள் அவர்கள் கைக்குச் சற்றுத் தயங்கியே வரும். ஆனால் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ், ஓதிக் கொடுத்த ஆசிரியையிடம் கற்றது, தங்குதடையின்றி வரும். வாப்பாவுக்கு அது அவ்வளவாக வராது. ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த நாள்முதல் வீட்டின் எழுத்தர் பதவி எனக்கு வந்தது. சிவப்பும் நீலமும் ஓரமிட்ட உறை. அதனுள் கோடிட்ட தாள் இரண்டு. 'இங்கு யாவரும் நலம். அங்கு தங்கள் நலமறிய ஆவல்' என்று தொடங்கி, 'மற்றவை தங்கள் பதில் கண்டு' என்று முடிப்பேன். கடிதம் சென்று சேர இரண்டு வாரம்; மறுமொழி வர மேலும் இரண்டு வாரம்.

என் 8-ஆம் வயதில் எழுதிய ஒரு கடிதம் இன்னும் இருக்கிறது. 'நாங்கள் குற்றாலம் போனோம். நன்றாக இருந்தது. தம்பி அழுதான்' என்று மூன்று வரி. அதற்கு வாப்பா எழுதிய பதிலில், கணக்கர் அல்லவா, கேள்விகளுக்கு வரிசை எண் இட்டிருந்தார்கள். 1. எந்த வண்டியில் போனீர்கள்? ஆலங்குளத்தில் நின்று தேநீர் குடித்தீர்களா? 2. பேரருவியில் பொங்குமாங்கடல் தெரிந்ததா, தண்ணீர் மறைத்துவிட்டதா? 3. தம்பி ஏன் அழுதான்? 4. கட்டிக் கொண்டு போன சோறு என்ன? யாருக்குப் பற்றாமல் போயிற்று? 5. திரும்பும்போது தென்காசியில் உட்கார இடம் கிடைத்ததா?

குற்றாலப் பேரருவியின் நீர் மலையுச்சியிலிருந்து நேரே தரைக்கு வருவதில்லை. இடையில் உள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அதன்பின் கீழே இறங்குகிறது. அப்பள்ளத்தின் விளிம்பு தெரிகிறதா, மறைந்திருக்கிறதா என்று கேட்டாலே அன்று எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்பது இடமறிந்தவருக்கு விளங்கிவிடும். என் மூன்று வரிகளிலிருந்து அவர்களால் அருவியைக் காண இயலவில்லை. காண்பதற்கு வழி கேட்டு எழுதியிருந்தார்கள். அடுத்த முறை நான் கண்ணை அகல விழித்துக் கொண்டு பயணம் செய்தேன். மாமாவின் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பைக் குரங்கு பறித்ததையும், உம்மாவின் துப்பட்டி நனைந்து கனத்ததையும், பாவூர்ச்சத்திரத்தில் வண்டி பழுதாகி நின்றதையும் எழுதினேன். 'குரங்கு பழத்தைத் தின்றதா, எறிந்துவிட்டதா?' என்று வந்தது மறுவினா. இன்று நான் தமிழ் கற்பிக்கிறேன் என்றால், எனக்குக் கட்டுரை எழுதக் கற்பித்த முதல் ஆசிரியர் தம்மாமில் இருந்தார் எனின் அது மிகையன்று.

1990 ஏப்ரலில் பெருநாளுக்கு வந்த வாப்பா, மின்கலத்தில் இயங்கும் ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார்கள். கடிதத்தில் குரல் இல்லையே என்ற குறை தீரட்டும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வாண்டு ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டபொம்மன் பேருந்தில் ஏறிக் குற்றாலம் சென்றோம். பெட்டியை மாமா பாலித்தீன் பைகளில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டார். 60 நிமிட ஒலிநாடாவின் முதற்பக்கத்தை வீட்டிலேயே நிறைத்திருந்தோம். நான் பாடநூல் செய்யுள் ஒப்பித்தேன். தம்பி எண்கள் சொன்னான். வாப்பும்மா துஆச் செய்தார்கள். உம்மா மட்டும் பேசவில்லை. பெட்டியிடம் எப்படிப் பேசுவது என்று நாணி அடுக்களைக்குள் சென்றுவிட்டார்கள். மறுபக்கம் அருவிக்காக ஒதுக்கப்பட்டிருந்தது.

ஐந்தருவியில் பெண்களுக்குத் தனிப்பகுதி உண்டு. அங்கே பாறையின் ஓரத்தில் பெட்டியை நான் பிடித்துக் கொள்ள, அருவி தன் பாட்டுக்கு இரைந்தது. ஏறத்தாழ 20 நிமிடம் வேறெதுவும் இல்லை. குளித்து முடித்து, நனைந்த தலையோடு வந்த உம்மா, யாரும் வற்புறுத்தாமலே குனிந்து, "கேக்குதா? தண்ணி சத்தம் உங்களுக்குக் கேக்குதா?" என்றார்கள். அவ்வளவுதான். மீண்டும் அருவி. நாடா முடிந்து பொத்தான் 'டக்'கென்று மேலெழுந்தது.

ஊர்க்காரர் ஒருவர் ஆகஸ்டு நடுவில் அல்கோபருக்குத் திரும்புவதாக இருந்தார். ஒலிநாடாவை அவரிடம் கொடுத்தோம். ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. குவைத்தில் இருந்த இந்தியர்களை ஜோர்தானின் அம்மான் நகர் வழியாக ஏர் இந்தியா வானூர்திகள் அழைத்து வரத் தொடங்கின. அவ்வாறு வந்தோர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். எங்கள் ஊர்க்காரர் பயணத்தைத் தள்ளி வைத்தார். ஒலிநாடா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து, மரப் பேழைக்குள் அமர்ந்தது. வாப்பாவிடமிருந்து கடிதங்கள் காலம் தாழ்ந்து வந்தன; சில வரவேயில்லை. மஞ்சள் பலகை மாட்டிய தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று, மூன்று நிமிடம் பேசி, அதில் இரண்டு நிமிடத்தை 'கேட்கிறதா, கேட்கிறதா' என்பதிலேயே கழித்து வருவோம்.

1991 ஜனவரி 17-இல் போர் மூண்டது. தம்மாமும் அல்கோபரும் தஹ்ரானும் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள். அப்பகுதியின்மீது ஏவுகணைகள் வந்தன. இரவில் வானொலியைச் சுற்றித் தெருவே அமர்ந்திருந்தது. உம்மா அந்த ஒலிநாடாவை எடுத்துப் போட்டுக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருநாளும் கேட்கவில்லை. 'அது அவருக்குப் போக வேண்டியது' என்று மட்டும் சொன்னார்கள். பிப்ரவரி 28-இல் போர் நின்றது. மே மாதத்தில் ஊர்க்காரர் பயணமானார். ஜூனில் வாப்பாவின் கடிதம் வந்தது. 'சென்ற ஆண்டுத் தண்ணீர் இப்போதுதான் என்னிடம் வந்து சேர்ந்தது. அறையில் உள்ள அனைவரும் கேட்டோம். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டோம்' என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தில் வரிசை எண் இட்ட கேள்விகள் இல்லை.

இனி எழுதப்போவது நான் பெருமைப்பட முடியாத பகுதி. 1992-இல் வாப்பா வேலை செய்த நிறுவனம் நான்கு மாதம் ஊதியம் தரவில்லை. வீட்டில் உம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று. அவ்வாண்டு நாங்கள் எங்கும் போவதில்லை என்று உம்மா முடிவு செய்திருந்தார்கள். எனினும் பள்ளி விடுமுறையில் மாமா வற்புறுத்தி, செலவைத் தாமே ஏற்று, நம்பியாறு கடலோடு கலக்குமிடத்திலுள்ள ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கு எங்களை அழைத்துச் சென்றார். ஆற்று நீர் ஒருபுறம், கடல் ஒருபுறம், இடையே மணல். தம்பி மணலில் புரண்டான். உம்மா, பல மாதங்களுக்குப் பின், வாய்விட்டுச் சிரித்தார்கள். திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பே அவர்களுக்கு உறுத்தலாயிற்று. "சம்பளம் இல்லாம அங்க கெடக்கிறாக. நாம கடக்கரையில விளையாடினோம்னு எழுத வேண்டாம்" என்று எங்களிடம் கூறிவிட்டார்கள். அந்த வாரக் கடிதத்தில் நான், 'ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தோம். விசேடம் ஒன்றுமில்லை' என்று எழுதினேன். நான் எழுத்தில் சொன்ன முதற்பொய் அது.

அந்தப் பொய் தானே நடந்து சென்று தம்மாமில் வெளிப்பட்டது. ஆத்தங்கரையில் எங்களைக் கண்ட ஒருவர் அங்கே சென்று, "உங்கள் பிள்ளைகள் நன்றாக வளர்ந்துவிட்டார்கள்; கடற்கரையில் பார்த்தேன்" என்று மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் கழித்து எனக்கென்று தனியே ஒரு கடிதம் வந்தது. அதன் கருத்து இன்றும் என் நினைவில் நிற்கிறது. 'நீங்கள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை மகளே. நீங்கள் போகத்தான் நான் இங்கே இருக்கிறேன். ஆனால் போனதை ஊரார் சொல்லி நான் அறிந்தேன். அவர் பேசும்போது, எனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். ஊதியம் வராவிட்டால் பொறுத்துக் கொள்ளலாம். சேதி வராவிட்டால் நான் இங்கு யார்?'

கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் என் குரல் நின்றது. உம்மா என்னைக் கடியவில்லை. தம்மையும் நொந்து கொள்ளவில்லை. அன்றிரவு அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டுத் தாமே உட்கார்ந்து, அரபுத் தமிழில் நான்கு பக்கம் எழுதினார்கள். அவர்கள் வாப்பாவுக்குத் தம் கையால் எழுதிய நெடுங்கடிதம் அது ஒன்றே. ஓதத் தெரிந்த எனக்கு அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்க முடியும். உறையில் முகவரி எழுதுவதோடு என் வேலையை நிறுத்திக் கொண்டேன். அவ்வளவாக அரபுத் தமிழ் வராத வாப்பா அதை எத்தனை வெள்ளிக்கிழமைகளில் படித்து முடித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்து வந்த கடிதத்தில் வரிசை எண்கள் திரும்பியிருந்தன. 1. ஆற்று நீர் உப்புக் கரித்ததா? 2. தம்பியின் சட்டையில் ஒட்டிய மணல் எத்தனை நாள் உதிர்ந்தது?

பின்னாளில் ஆற்றுப்படை நூல்களை எடுத்துக் கொண்டு எம்.ஃபில். ஆய்வு செய்தபோது இக்கடிதங்களை அடிக்கடி எண்ணிப் பார்த்தேன். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். வள்ளலைக் கண்டு பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், வழியில் எதிர்ப்படும் வறிய ஒருவரிடம், தாம் சென்ற வழியையும், கண்ட நிலங்களையும், உண்ட உணவையும் விரித்துக் கூறி, நீயும் செல்க என்பது அவற்றின் அமைப்பு. தாம் பெற்றதைப் பெறாதவரிடம் சொல்வது அங்கே செருக்கும் அன்று. கேட்போரை வருத்துவதும் அன்று. அது ஒரு கடமை, அதுவே அன்பு. வழியில் என்ன மரம் நின்றது, எந்த ஊரில் என்ன சோறு இட்டனர் என்று அப்புலவர்கள் நுணுகிக் கூறியதன் காரணம் எனக்கு நூலறிவால் விளங்கவில்லை. வாப்பாவின் வரிசை எண்களால் விளங்கிற்று. விவரம் கூறக் கூறக் கேட்பவரும் உடன் நடக்கிறார். 'நன்றாக இருந்தது' என்று முடித்துவிட்டால் அவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

2001-இல் வாப்பா முடிவாகத் திரும்பினார்கள். அவ்வாண்டு ஜூலையில் ஐந்தருவிக்குச் சென்றோம். நான் உம்மாவோடு பெண்கள் பகுதிக்கும், தம்பி வாப்பாவோடு ஆண்கள் பகுதிக்குமாகப் பிரிந்தோம். 15 ஆண்டு காத்திருந்து அருவிக்கு வந்தும் அங்கேயும் இரு பகுதிதானா என்று நான் எண்ணிக் கொண்டேன். சிறிது நேரத்தில் தம்பி ஈரம் சொட்டச் சொட்ட எங்கள் பக்கத்து வாயிலருகே வந்து, என்னைக் கையசைத்து அழைத்தான். "வாப்பா உம்மாக்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாக" என்றான். என்ன என்று கேட்டேன். "கேக்குதாம்" என்றான். அவனுக்குப் பொருள் புரியவில்லை. நான் உள்ளே சென்று அருவியின் இரைச்சலுக்கிடையே உம்மாவின் காதருகில் அதைச் சொன்னேன். உம்மா முதலில் விழித்தார்கள். பிறகு துப்பட்டியின் நுனியால் வாயை மூடிக் கொண்டு நெடுநேரம் சிரித்தார்கள். 11 ஆண்டு கழித்து வந்த மறுமொழி அது.

2018-இல் உம்மா இறையடி சேர்ந்தார்கள். சில மாதங்களுக்குப் பிறகு வாப்பாவின் பயணப் பெட்டியை ஒழுங்கு செய்தபோது, கடிதக் கட்டுகளுக்கு அடியில் அந்த ஒலிநாடா இருந்தது. வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. நெல்லைச் சந்திப்பருகே ஒரு கடைக்காரர் பொறுமையாகத் துடைத்து, குறுவட்டில் ஏற்றித் தந்தார். முதற்பக்கம் பாதி அழிந்துவிட்டது. அருவியும், உம்மாவின் இரண்டு சொற்றொடரும் தப்பியிருந்தன. எங்களிடம் உள்ள உம்மாவின் இளமைக் குரல் அவ்வளவே. அந்த அரபுத் தமிழ்க் கடிதமும் கட்டுக்குள் இருந்தது. இம்முறையும் நான் அதைப் படிக்கவில்லை. மடித்து அதன் இடத்திலேயே வைத்தேன். அது என் பொருட்டு எழுதப்பட்டதன்று.

காலம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. இப்போது தம்பி குடும்பத்தோடு சார்ஜாவில் இருக்கிறான். வாப்பா ஊரில் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரக அரசு வாரவிடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றியது. சார்ஜாவில் வெள்ளியும் சேர்ந்து அரசு அலுவலகங்களுக்கு மூன்று நாள் ஓய்வாயிற்று. தம்பியின் அலுவலகத்திலும் ஞாயிறு விடுமுறை. எங்கள் ஞாயிறும் அவர்கள் ஞாயிறும் ஒன்றாகிவிட்டன. நேர வேறுபாடும் ஒன்றரை மணிதான். வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரத்துக்குள் நாற்பது படங்கள் வந்து விழுகின்றன. இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. போர் வந்து ஒலிநாடா திரும்பி வரும் அச்சமும் இல்லை. இந்த வசதியை நான் குறை கூற மாட்டேன். மூன்று நிமிடத் தொலைபேசிக்கு வரிசையில் நின்றவர்கள் குறை கூறக் கூடாது.

ஆனால் ஒருநாள் வாப்பா எல்லாப் படங்களையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்கள். "எல்லாப் படத்திலயும் சிரிக்கிறாக. போயிருக்காகன்னு தெரியுது. என்ன நடந்துச்சுன்னு தெரியலையேம்மா" என்றார்கள். என் மூன்று வரிக் கடிதம் எனக்கு நினைவு வந்தது. படங்கள் நாற்பது இருந்தும், அவையும் 'போனோம், நன்றாக இருந்தது' என்பதையே நாற்பது முறை கூறின. அன்றிரவு தம்பிக்கு வாப்பா சார்பில் ஐந்து கேள்வி எழுதி, வரிசை எண் இட்டு அனுப்பினேன். அவன் உடனே என்னை அழைத்தான். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. "நம்பரைப் பார்த்ததும் வாப்பா கையெழுத்தே தெரிஞ்சுது" என்றான்.

அதன்பின் தம்பி மகள் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கினாள். 9 வயதுச் சிறுமி. தமிழ் பேசுவாள், எழுத வராது. எனவே பேசியே பதிவு செய்து அனுப்புகிறாள். சார்ஜாவிலிருந்து மலைகளைக் குடைந்த சுரங்கப் பாதைகள் வழியே கோர்ஃபக்கான் கடற்கரைக்குச் சென்றதையும், வழியில் தம்பிக்காரன் வாந்தி எடுத்ததையும், கொண்டு போன சோற்றில் உப்புக் குறைந்ததையும், அதற்கு யார் யாரைக் குறை சொன்னார்கள் என்பதையும் விடாமல் சொன்னாள். அங்கே மலைச்சரிவில் செயற்கை அருவி ஒன்று அமைத்திருக்கிறார்கள். அதனருகே நின்று அதன் இரைச்சலையும் பதிவு செய்திருந்தாள். வாப்பா கண்ணை மூடிக் கொண்டு இரண்டு முறை கேட்டார்கள். "இது குழாய்த் தண்ணி. ஒரே சீரா விழுது. மலைத்தண்ணி இப்படி விழாது. கூடும், குறையும்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு, சிறுமி மனம் நோகக் கூடாதென்று, "ஆனா நல்லாக் கேக்குதுன்னு சொல்லு" என்றார்கள். சற்றுப் பொறுத்து, "உப்புக் குறைஞ்ச சோறு மிச்சம் இருந்துச்சா, கேளு" என்றும் சொன்னார்கள்.

இம்மலரைப் படிக்கும் மாணவ மாணவியருள் பலருடைய தந்தையோ தமையனோ கடல் கடந்து இருக்கலாம். எங்கள் துறையில் பயிலும் மாணவியர் சிலர், வெளியே சென்று வந்ததை அவர்களிடம் சொன்னால் ஏக்கம் வரும் என்று கருதிச் சொல்லாமல் விடுவதாக என்னிடம் கூறியிருக்கின்றனர். ஏக்கம் வரத்தான் செய்யும். வாப்பாவுக்கும் வந்திருக்கும், விளக்கை அணைத்துவிட்டு அருவியைக் கேட்டவர்களுக்கு வராமல் இராது. ஆயினும் ஏக்கம் உறவுக்குள் இருப்பவருக்கு வருவது. மறைக்கப்பட்ட சேதியோ ஒருவரை உறவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. இவ்விரண்டில் எது பெருந்துன்பம் என்பதை என் 12-ஆம் வயதில் ஒரு கடிதத்தின் கடைசி வரியில் நான் கற்றேன்.

ஆகவே அடுத்த முறை எங்கேனும் சென்று வந்தால் படத்தோடு பத்து வரியும் அனுப்புங்கள். எந்த வண்டி, என்ன சோறு, யார் அழுதார், ஏன் அழுதார் என்று எழுதுங்கள். எழுத வராவிட்டால் சொல்லி அனுப்புங்கள். இந்த ஞாயிறு வாப்பாவை அழைத்துக் கொண்டு தாமிரபரணிக் கரைக்குச் செல்வதாக இருக்கிறேன். சார்ஜாவிலிருந்து ஐந்து கேள்விகள் இப்போதே வந்துவிட்டன. அவற்றுக்கும் வரிசை எண் இடப்பட்டிருக்கிறது.